செங்கல் இறக்கிய வீடு

"யாரோ பாத்ததா சொன்னாங்களாம்ணே. அந்த ஆள் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. எங்க வீட்டுக்காரர் விஷம் ஊத்தினதை அவர் கண்ணால பாத்தாரான்னு நான் ஒரு வார்த்தை கேக்கணும்."

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரேடியோவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திறந்தால் மூடத் தெரியாத வாய் என்பதால் வீட்டார் வைத்த பெயர்தான் ரேடியோ. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் ஏதாவது சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் திரும்ப மாட்டான். இன்றைக்கு அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஏனென்றால் நண்டுக்காரரின் மனைவி தேடிக்கொண்டிருந்த அந்த ஆள் அவனேதான்.

கடலோரத்து அலையாத்திக் காட்டில் ஒரு பக்கம் முழுக்க மரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுத்தான் காடு மீட்புத் திட்டத்து அதிகாரி, துப்பறியும் அண்ணியை அழைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் துப்பறிவாளராக இருந்தாலும் ரேடியோவுக்கு அவர் சொந்த அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. மற்றவர்களும் அவன் கூப்பிடுவதைக் கேட்டு 'அண்ணி' என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

முதல் நாள் கூட்டத்தில் அண்ணி வாயைத் திறக்கவில்லை. அதிகாரிகள் எல்லாரும் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, தன்னையும் ஒரு ஆளாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை ரேடியோவை அரித்தது. "சாயங்காலம் காய்ஞ்ச மரத்துக்கு நடுவுல ஒரு நண்டுக்காரர் கேனோட நின்னாருங்க. நண்டுக்குக் காபி ஊத்தவா போயிருப்பாரு?" என்று எடுத்துவிட்டான். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. சிரிக்காத ஒரு பெரிய அதிகாரி எழுந்து போய் போலீசுக்குப் போன் போட்டார். கேனை முகர்ந்து பார்த்தார்கள், மண்ணெண்ணெய் வாசம். அன்றைக்கே ஆளைத் தூக்கிவிட்டார்கள்.

"கேன்ல மண்ணெண்ணெய்தாண்ணே இருந்துச்சு, இல்லேங்கல" என்றாள் நண்டுக்காரரின் மனைவி. "தெருக்கடைசியில ஒரே கொசு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருது. தண்ணி மேல மண்ணெண்ணெய் ஊத்தினா கொசுக்குஞ்சு சாகுமேன்னு போனாரு. அதைப் போய் விஷம்கிறாங்க. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்கண்ணே."

ஒவ்வொரு 'அண்ணே'யும் ரேடியோவின் செவிட்டில் அறையாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து அண்ணி வெளியே வந்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

"மத்தியானம் வண்டி வருது. ஜெயிலுக்குக் கொண்டு போறாங்களாம்" என்றார் அண்ணி. அப்புறம் அந்தப் பெண் பக்கம் திரும்பி, "என்னம்மா சொன்னே? கொசுவா?" என்றார்.

"ஆமாங்க. போன வருஷமெல்லாம் இப்படி இல்ல. இப்ப சாயங்காலமானா வாசல்ல உக்கார முடியல."

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டினார். "தம்பி, கிளம்பு."

தெருவில் இறங்கியதும் ரேடியோ கேட்டான். "அண்ணி, கேஸை விட்டுட்டு இப்போ கொசுவா பிடிக்கப் போறோம்?"

"அலை வந்து போற காடு அது. தினமும் தண்ணி ஏறும், இறங்கும். கொசு நின்ன தண்ணியிலதானே முட்டை போடும்? அங்க தண்ணியை நிக்க வச்சது யாருன்னு பாக்கப் போறோம்."

"அண்ணி..."

"என்ன?"

"அந்தம்மாகிட்ட நான்தான்னு சொல்லல."

"தெரியும். சொல்லியிருந்தா உன் சட்டைல பட்டன் இருந்திருக்காது." அண்ணி நடையைக் குறைக்கவில்லை. "சொல்லித்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி அவ புருஷனை வெளிய கொண்டு வரணும்."

*

காட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு மண்மேட்டுச் சாலை ஓடியது. சாலைக்கு இடப்பக்கம் கடல் வரைக்கும் பச்சை. வலப்பக்கம், தெருவீடுகள் தொடங்கும் இடம் வரைக்கும், எலும்புக்கூடுகளாக மரங்கள், தெருவோரம் மட்டும் அங்கங்கே கொஞ்சம் பச்சை. திட்ட அதிகாரி அங்கே காத்திருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம்.

"மரம் போறது ஒரு பக்கம் மேடம். சேறுதான் எனக்குப் பயம்" என்றாள். "இலை, வேர், கிளைன்னு விழுந்ததெல்லாம் மக்காம இந்தச் சேத்துக்குள்ள அமுங்கிக் கிடக்கு. காத்துல கலந்து ஊரையே சூடாக்க வேண்டிய கரியை, அதான் கார்பனை, இந்தக் காடு கீழ பூட்டி வச்சிருக்கு. மரம் செத்து வேர் அழுகிட்டா பூட்டு விட்டுப்போகும். இத்தனை வருஷமாச் சேத்தது எல்லாம் திரும்ப மேல கிளம்பிரும்."

"அப்போ இது காடில்ல, பேங்க் லாக்கர்னு சொல்லுங்க" என்றான் ரேடியோ பழக்கதோஷத்தில். பூட்டு, லாக்கர் என்றதும் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் ஞாபகம் வந்தது. மிச்சச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

அண்ணி சாலையின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய காட்டைக் கொல்றதுன்னா அந்த மனுஷன் கேனோட வந்திருக்க மாட்டார், டேங்கர் லாரியோட வந்திருப்பார். இல்லையா?"

அதிகாரி தலைகுனிந்தாள். இதைத் தானே யோசித்திருக்க வேண்டும் என்று ரேடியோவுக்குச் சுருக்கென்றது. கூட்டத்தில் சிரிப்பு வந்த வேகத்தில் யாருமே யோசிக்கவில்லை.

"அதுவும் பாரு, சாவு சாலையோரத்துல கோடு போட்ட மாதிரி நிக்குது. விஷத்துக்குச் சாலையைத் தாண்டக் கூடாதுன்னு சட்டமா?" அண்ணி இடப்பக்கம் கை காட்டினார். "இப்போ கடல் இறங்கியிருக்கு. இந்தப் பக்கம் சேறு தெரியுது, பென்சில் நட்டு வச்ச மாதிரி வேரெல்லாம் மேல நிக்குது, நண்டு ஓடுது. அந்தப் பக்கம் பாரு. தண்ணி அப்படியே நிக்குது, மேல பச்சைப்பாசி. கடல் இறங்கின விஷயத்தை அந்தத் தண்ணிக்கு யாரும் சொல்லலையா?"

"அந்தப் பென்சில் எதுக்குங்க?" என்று ரேடியோ அதிகாரியிடம் கேட்டான்.

"மூச்சு வேர். சேத்துக்குள்ள காத்து இல்ல. அதனால வேர் மேல வந்து மூச்சு விடும்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. "ஐயோ மேடம்... இங்க எல்லா வேரும் தண்ணிக்குள்ள முழுகிக் கிடக்கே!"

"விஷம் வச்ச கேஸ் இல்லம்மா, கழுத்தை நெரிச்ச கேஸ்."

"நாங்க வானத்துலேருந்து எடுத்த படத்தை வச்சுத்தான் பாக்கிறோம். மழைத்தண்ணின்னு நினைச்சிட்டேன்."

"இந்தத் தண்ணி முன்னாடி எந்த வழியாப் போய் வந்துச்சு?"

"தெரியல மேடம். நான் வேலைக்குச் சேர்றதுக்கு ரொம்ப முன்னாடி போட்ட ரோடு."

ரேடியோ செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடல் பக்கச் சரிவில் இறங்கினான். யாரும் இறங்கச் சொல்லவில்லை. சும்மா நின்றால் நண்டுக்காரரின் மனைவியின் குரல் காதில் கேட்டது. இறங்கி எதையாவது கிளறினால் கொஞ்சம் அடங்கியது. கொடியை விலக்கிக்கொண்டு, முழங்கால் சேற்றில் மேட்டின் அடிவாரத்தைத் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் காலடி வழுக்கியது. ஏதோ ஒரு கம்பி பேண்ட்டின் பின்பக்கத்தை மாட்டி இழுத்துக் கிழித்தது. விழுந்த இடத்தில் அவன் கை சிமெண்ட் விளிம்பில் பட்டது. வளைவான விளிம்பு.

"குழாய் அண்ணி! ரோட்டுக்கு அடியில பெரிய குழாய்! வாயை அடைச்சு வச்சிருக்காங்க!"

உள்ளே கையை விட்டு ஒன்றை உருவி எடுத்தான். தார்ப்பாயில் தைத்து மணல் நிரப்பிய மூட்டை. பள்ளிக்கூடப் பை அளவுதான் இருந்தது. மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரோட்டுக்குப் பிள்ளைகுட்டி இருக்கும்போல. ஸ்கூல் பையை விட்டுட்டுப் போயிருக்கு" என்றான்.

அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூட்டையின் வாயைத் தடவினார். கயிறு கட்டியிருக்கவில்லை. ஓரத்தை ஒரு மடிப்பு மடித்து, மடிப்பின் மேல் இன்னொரு மடிப்பு மடித்து, ஊசிநூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது.

"ரோடு காண்ட்ராக்டர் வேலையா இருக்குமோ?" என்றாள் அதிகாரி.

"காண்ட்ராக்டர்னா லாரியில கல்லைக் கொட்டிட்டுப் போயிட்டே இருப்பான். இது கனம் தூக்க முடியாத ஒருத்தர், துணைக்கு ஆள் இல்லாம, பல நடை நடந்து செஞ்ச வேலை. நண்டுக்காரரைப் பாத்தீங்க இல்ல? ஒத்தைக் கையால படகைக் கரைக்கு இழுக்கிறவர். அவருக்கு எதுக்கு ஸ்கூல் பை?"

"அப்போ அவரை விட்டுருவாங்க!" ரேடியோ துள்ளி எழுந்தான்.

"மூட்டையைக் கொண்டுபோய்க் காட்டினா, இதையும் அவர்தான் வச்சார்னு எழுதிக்குவாங்க. அவங்களுக்கு ஆள் வேணும், மூட்டை வேணாம்." அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல திரும்பு. பின்னால காத்தாடுது. பக்கத்துல டெய்லர் யாராவது இருக்காங்களா?"

"பின் தெருவுல ஒருத்தங்க இருக்காங்க மேடம், எங்க சாரோட வீட்டம்மா." அதிகாரியின் குரல் இளகியது. "எனக்கு இந்த வேலையைக் கத்துக்குடுத்தவர். வெட்டவெளியாக் கிடந்த இந்த இடத்துல முதல் நாத்து நட்டவரே அவர்தான். இப்போ நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்த படுக்கை. மெஷின் வச்சுத்தான் மூச்சு. காடு காயுற விஷயத்தை நாங்க யாரும் அவர்கிட்ட சொல்லல. தாங்க மாட்டார்."

*

பேண்ட்டின் கிழிசலைக் கைப்பிடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரேடியோ தெருவில் நடந்தான். நேராகத் தையற்கடைக்குப் போகாமல் அண்ணி வாசலுக்கு வாசல் நின்றார். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டார், ஒரு வீட்டில் வழி கேட்டார், இன்னொரு வீட்டில் வாடகைக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டார்.

"இந்த நிலைமையில என்னை ஊர்வலமா கூட்டிட்டுப் போறீங்களே" என்று முனகினான் ரேடியோ.

"உன்னை யாரும் பாக்கல. நீ அவங்க வீட்டைப் பாரு. கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் எது மேல நிக்குது?"

செங்கல் மேல் நின்றன. எல்லா வீட்டிலும் அப்படித்தான். சுவரில் கணுக்கால் உயரத்துக்குப் பழைய தண்ணீர்க் கறை ஓடியது.

"தண்ணி வருமாங்க?" என்று அண்ணி ஒரு வீட்டுக்காரியிடம் கேட்டார்.

"வருமாவா! அமாவாசை பௌர்ணமின்னா சாக்கடை வழியா அடுப்படிக்கே வந்துரும். இப்போ கொஞ்ச மாசமா வரல."

"பின்ன ஏன் செங்கல்லை எடுக்கல?"

"நல்லாக் கேட்டீங்க! வரமாட்டேன்னு கடல் என்கிட்ட சத்தியமா பண்ணியிருக்கு?"

டெய்லரம்மாவின் வீடு கடைசியிலிருந்து இரண்டாவது. முன்னறையில் தையல் மெஷின், வெட்டிப் போட்ட சீருடைத் துணிகள், கூடவே உள்ளறையிலிருந்து நிற்காமல் வரும் ஒரு 'ம்ம்ம்' சத்தம். ஐம்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு. கிழிசலைப் பார்த்ததும் அந்தம்மா சிரித்துவிட்டார். "மறைவுல போய் இந்தத் துணியைச் சுத்திக்கிட்டு பேண்ட்டைக் குடுங்க தம்பி. பத்து நிமிஷ வேலை."

ஜன்னல் திரைக்கு வைத்திருந்த பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ரேடியோ ஸ்டூலில் உட்கார்ந்தான். "அண்ணி, என்னையே ஜன்னல்ல மாட்டிரலாம் போலிருக்கு" என்றான். அண்ணி சிரிக்கவில்லை. அவர் பார்வை தரையில் இருந்தது. ரேடியோவும் அங்கே பார்த்தான்.

தையல் மெஷின் தரையில் நின்றது. துணி அலமாரியும் தரையில்தான். மெஷினின் கால்களுக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில் செங்கல் அளவுக்கு வெளுத்த கட்டங்கள். எடுத்த செங்கல்களை வாசலில் பூந்தொட்டிக்கு வரிசையாகப் பதித்திருந்தது.

ரேடியோ இடுப்புத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தையல் அருமையா இருக்கும்மா" என்றார் அண்ணி. "ரெண்டு மடிப்பு மடிச்சுத் தைக்கிறீங்களே."

"ஒரு மடிப்புன்னா சீக்கிரம் பிரிஞ்சுரும்."

"தண்ணிக்குள்ளயே கிடந்தாலும் இது பிரியாது, இல்லையா?"

ஊசி நின்றது.

"தெரு முழுக்க எல்லாரும் பயந்துக்கிட்டு செங்கல் மேல குடித்தனம் பண்றாங்க. தண்ணி இனிமே வராதுன்னு இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு." அண்ணியின் குரலில் அதட்டல் இல்லை. "குழாயில இருக்கிற மூட்டைங்க உங்க தையல்தானேம்மா?"

டெய்லரம்மா பேண்ட்டை மடியில் வைத்தார். உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தண்ணி வீட்டுக்குள்ள வந்து இவரோட மூச்சு மெஷினைக் கெடுத்துருச்சும்மா. மூச்சு நின்னுபோய் இவர் உதடெல்லாம் நீலமா... ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள நான் செத்துப் பிழைச்சேன். இன்னொரு தரம் தண்ணி வந்தா இவர் இருக்க மாட்டார். அதான் அடைச்சேன். தண்ணியைத்தான் நிறுத்துறேன்னு நினைச்சேன். மரம் சாகும்னு எனக்குத் தெரியாதும்மா."

"அப்புறம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது. இவர் நட்ட மரம். ஒவ்வொண்ணாக் காயுது. இவர் 'காடு எப்படி இருக்கு'ன்னு கேக்கும்போதெல்லாம் 'நல்லாருக்கு'ன்னு சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நண்டுக்காரரைப் பிடிச்சாங்கன்னதும் எனக்குச் சோறு இறங்கல. போய்ச் சொல்லிரலாம்னு வாசல் வரைக்கும் போவேன். இவரை யார் பாத்துக்குவாங்கன்னு நினைச்சுத் திரும்பிருவேன்."

ரேடியோவுக்கு முதலில் வந்தது நிம்மதி. குற்றவாளி கிடைத்தாகிவிட்டது, நண்டுக்காரர் வீட்டுக்குப் போவார், தன்னைவிடப் பெரிய தப்புச் செய்த ஒருவர் எதிரில் இருக்கிறார். அந்த நிம்மதி நெஞ்சில் உட்காருவதற்குள்ளேயே அதை நினைத்துக் கூசிப்போனான். இந்தம்மா பயத்தில் செய்தார். தான் செய்தது நாலு பேர் சிரிப்பதற்காக.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் அண்ணி. "அங்க குழாய் இருக்கிறது திட்ட அதிகாரிக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டெய்லரம்மா அறுந்த நூலை விரலில் சுற்றினார்.

"அவளை... விடுங்க." உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நான்தான் சொன்னேன்."

*

கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அவர். மூக்கில் குழாய். காட்டைப் பார்த்த ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. ஒவ்வொரு நாலைந்து வார்த்தைக்கும் ஒருமுறை மூச்சுக்காக நின்றார்.

"அந்தக் குழாயைப் போட வச்சதே நான். ரோடு போடும்போது... மண்ணு கொட்ட வந்த லாரிக்கு முன்னாடி படுத்தேன். தண்ணி போய் வரலேன்னா அந்தப் பக்கம் மொத்தமும் செத்துரும்னு கத்தினேன். குழாய் வச்சாத்தான் எழுந்திரிப்பேன்னேன்."

"அப்போ அடைச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் அண்ணி.

"என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் யாரு? அவளுக்குத்தான் தெரியாது. 'மரத்துக்கு ஏதாவது ஆகுமா'ன்னு கேட்டா. ஒண்ணும் ஆகாதுன்னேன்."

டெய்லரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்." அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "மூச்சு முட்டும்போது மரம் ஞாபகம் வரல. மறுநாளே வந்துச்சு. அப்பவும் எடுன்னு சொல்லல. அடுத்த பௌர்ணமி போகட்டும்னு நினைப்பேன். அது போனதும் அதுக்கடுத்தது. நீ 'காடு நல்லாருக்கு'ன்னு சொல்லும்போது, அது பொய்னு எனக்குத் தெரியும். நம்பின மாதிரி இருந்துக்குவேன்."

"காத்து ஒத்துக்கலன்னுதானே ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்க?"

மெஷின் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அண்ணி ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ, பூப்போட்ட திரைத்துணியோடு, அந்த அறையில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான்.

"நண்டுக்காரர்னு என்னமோ பேசினீங்களே" என்றார் அவர். "யாரு அது?"

அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. மனைவி அதையும் மறைத்திருக்கிறார். ரேடியோதான் சொன்னான், ஒரு வரி விடாமல். கேன், கூட்டம், தன் ஜோக், சிரிப்பு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, மத்தியானம் வரப்போகும் வண்டி. அவன் சொல்லி முடித்தபோது கட்டிலில் இருந்தவர் போர்வையை விலக்கி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"போனைக் குடுங்க" என்றார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடணும்."

திட்ட அதிகாரி ஓடிவந்தாள். எல்லாவற்றையும் அவர் வாயாலேயே கேட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "ஊர்ல ஒரு ஆள் விடாம சந்தேகப்பட்டேன் சார்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, என்ன செய்வதென்று தெரியாதவள்போல் குனிந்து, மெஷினின் வயர் சுவரில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"மூட்டையை எடுத்தாகணும்" என்றார் அண்ணி. "எடுத்தா இந்த வீட்டுக்குள்ள தண்ணி வரும்."

"எங்க ஆபீஸ் மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. ஆம்புலன்ஸ் வரச் சொல்றேன்." அவள் எழுந்தாள். "அதை முன்னாடியே குடுத்திருக்கலாம். என்கிட்ட யாரும் கேக்கல. நானும் வந்து பாக்கல."

*

பாதி தைத்த பேண்ட்டை மாட்டிக்கொண்டு ரேடியோ அண்ணியோடு ஓடியபோது, ஜெயில் வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றது. அதிகாரி முன்னால் நிற்க, போனில் கட்டிலிலிருந்தபடியே அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மேலும் வழக்கு உண்டு, வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அப்புறம்தான் கம்பிக்கதவு திறந்தது.

நண்டுக்காரர் வெளியே வந்தார். கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. ரேடியோவால் அந்தக் கன்னத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

"ரொம்ப நன்றிண்ணே" என்று அவர் மனைவி கைகூப்பினாள். "இப்போ சொல்லுங்க. பாத்ததா சொன்னது யாரு?"

அண்ணி தள்ளி நின்றார். உதவிக்கு வரமாட்டார் என்று ரேடியோவுக்குத் தெரியும்.

"நான்தாம்மா. உங்க வீட்டுக்காரர் கேனோட நின்னதை மட்டும்தான் பாத்தேன். மீதியெல்லாம் என் வாய் சேத்தது. சும்மா சிரிக்கறதுக்காகச் சொன்னேன். தப்பு என் மேலதான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கூப்பிய கையை மெல்லப் பிரித்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்களைப் போய் அண்ணேன்னு கூப்பிட்டேனே" என்றாள்.

நண்டுக்காரர் அவள் தோளைத் தொட்டார். "வா. பிள்ளை தனியாக் கிடக்கும்." இருவரும் படியிறங்கிப் போனார்கள். இரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

அன்று சாயங்காலம் கடல் மறுபடி இறங்கத் தொடங்கியதும் மூட்டைகளை எடுத்தார்கள். திட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். ரேடியோ அவர்களுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டான். நடுவிலிருந்த ஒரு மூட்டையை உருவியதும் உள்ளிருந்து தண்ணீர் அவன் நெஞ்சில் மோதியது. அழுகல் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. அடுத்தடுத்து நாலு மூட்டைகளைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு வந்தது.

சாலை மேல் அதிகாரி போனைக் காதில் வைத்திருந்தாள். மாடி அறைக்கு மாற்றப்பட்ட அவர் மறுமுனையில் இருந்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"தண்ணி போகுதா?"

"போகுது சார். கருப்பாப் போகுது."

"வேர் தெரியுதா?"

"இன்னும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "நுனி தெரியுது சார்" என்றாள்.

"பச்சை எங்க இருக்கு?"

"தெருவோரம் கொஞ்சம் இருக்கு. மூலையில ஒரு வரிசை இருக்கு."

"நடுவுல?"

அவள் அண்ணியைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றது போன். "நான் சொன்ன பொய்யே இந்தக் காட்டுக்குப் போதும்."

"நடுவுல எதுவும் இல்ல சார். அது போயிருச்சு."

போனில் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. அதற்கு அடியில் அந்தம்மா ஏதோ சொல்வதும், அவர் வேண்டாம் என்பதும் லேசாகக் கேட்டது.

"சரி" என்றார் கடைசியில். "அவசரப்பட்டு அங்க நாத்து நடாதே. தண்ணி போய் வரட்டும். மத்த மரத்து விதையைக் கடலே கொண்டு வந்து போடும். அது வரலேன்னா, அப்புறம் நடலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்த ரூம் ஜன்னல்லேருந்து காடு தெரியும்னு சொல்றா. திறக்கச் சொல்லியிருக்கேன். வைக்கிறேன்."

அதிகாரி போனை இறக்கிவிட்டு, காட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

அண்ணி சரிவின் விளிம்புக்கு வந்து குனிந்து கையை நீட்டினார். "போதும் தம்பி, ஏறு. உடம்பு நடுங்குது உனக்கு."

"இன்னும் உள்ள இருக்கு அண்ணி."

"அவங்க ஆளுங்க இருக்காங்க, எடுத்துக்குவாங்க."

"தெரியும்" என்றான் ரேடியோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோள் வரைக்கும் கையைக் குழாய்க்குள் விட்டான்.